கொதித்தும் போகாதது

1

கேரவன் என்றால் நம்ம ஊரில் நினைவுக்கு வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்களுக்காக நிற்கும் ஏ.சி. வண்டி. அமெரிக்காவில் இந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆர்.வி. நாங்கள் வாங்கியது அதில் ரொம்ப எளிய வகை, காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச்செல்லும் ஒரு பழைய டிரெய்லர். இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, சின்ன சிங்க், தரைக்கு அடியில் 30 கேலன் தண்ணீர் டேங்க். போகிற இடத்தில் முகாம் மைதானத்துக் குழாயில் ஹோஸை மாட்டி நிரப்பிக்கொள்ள வேண்டியது.

கோவில்பட்டியிலிருந்து அம்மா வந்திருந்தார். மகளுக்கு அப்போது நாலு மாதம். டென்வரிலிருந்து சிகாகோவுக்கு, நெப்ராஸ்கா வழியாக, மூன்று நாள் பயணம். முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு சிறிய முகாமில் வண்டியை நிறுத்தினேன். நாலா பக்கமும் மக்காச்சோளக் காடு. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் குழாயைத் தேடி ஹோஸை மாட்டினேன். ஹோஸின் நடுவில் ஒரு நீல நிற ஃபில்டர். ஆர்.வி. வைத்திருக்கிற பாதிப் பேர் வாங்குவது அதைத்தான். நானும் ஐந்து நிமிஷத்தில் தேர்ந்தெடுத்து வாங்கியது.

அம்மாவுக்கு அந்த நீல டப்பா மேல் நம்பிக்கை இல்லை. "பிள்ளைக்குப் பால் கலக்குற தண்ணிய நல்லா தளதளன்னு கொதிக்க வைக்கணும்டா" என்று கால் மணி நேரம் கொதிக்கவிட்டார். ஒரு லிட்டர் ஊற்றியது முக்கால் லிட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த வென்னியை ஆறவைத்து, பவுடர் கலந்து, இரவில் இரண்டு பாட்டில் கொடுத்தாயிற்று.

காலையில் பல் தேய்க்க வெளியே போனபோதுதான் குழாய்க்கு மேலே அந்தப் பலகையைப் பார்த்தேன். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் அளவு வரம்பைத் தாண்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்குக் கீழான குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த வரி இன்னும் பெரிய எழுத்தில் இருந்தது: கொதிக்க வைக்காதீர்கள், கொதிக்க வைத்தால் நைட்ரேட் இன்னும் செறிவாகும்.

வாயில் நுரையோடு அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

குழந்தைகள் மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்தோம். நர்ஸ் நிதானமாகக் கேட்டார். எத்தனை பாட்டில்? உதடு என்ன நிறம்? நகம்? மூச்சு வாங்குதா? வழக்கம்போல சிணுங்குகிறாளா, சோர்ந்திருக்கிறாளா? பார்த்துக்கொண்டே இருங்கள், நீலம் தட்டினால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள் என்றார். மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் பாட்டில் தண்ணீர் வாங்க 20 மைல் காரோட்டினேன். திரும்பி வந்தபோது அம்மா பேத்தியின் விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்து நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. "நான்தான காய்ச்சிக் குடுத்தேன்" என்றார்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அம்மாவின் அந்த ஒரு வாக்கியம் என்னோடு தங்கிவிட்டது. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டைக் காப்பாற்றிய ஒரு பழக்கம், இங்கே மட்டும் எப்படித் தப்பாகப் போனது? பதில் தேடிப் போனது ஒரு ஃபில்டர் வாங்கத்தான். வந்து சேர்ந்தது வரலாற்றில்.

2

நாங்கள் நின்ற இடம் பிளாட் ஆற்றின் கரை. ஐ-80 நெடுஞ்சாலை நெப்ராஸ்காவின் நடுவில் அந்த ஆற்றோடு ஒட்டித்தான் ஓடுகிறது. 1840களிலும் 1850களிலும் ஓரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்தவர்கள் வந்த பாதையும் அதுவே. துணிக்கூரை போட்ட வண்டி, இழுக்க மாடு, பக்கவாட்டில் கட்டிய தண்ணீர்ப் பீப்பாய். யோசித்தால் அதுவும் ஓர் ஆர்.வி.தான். வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு, கிடைத்த இடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவது.

அந்தப் பாதையில் மனிதர்களை அதிகம் கொன்றது காலரா. மிக மோசமான ஆண்டுகள் 1849, 1850, 1852. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இல்லை. வண்டித்தடத்தை ஒட்டியே குழி தோண்டிப் புதைத்துவிட்டு மறுநாள் நகர்ந்தார்கள்.

இதில் என்னை உலுக்கிய விவரம் ஒன்று உண்டு. பிளாட் ஆற்றில் தண்ணீர் சேறாக ஓடும். அதனால் பலர் ஆற்றுத் தண்ணீரைத் தவிர்த்து, கரையோர மணலில் சில அடி ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டினார்கள். மணல் வழியாக ஊறி வருவதால் தண்ணீர் தெளிவாக இருந்தது. தெளிவாக இருந்ததால் நம்பிக் குடித்தார்கள். ஆனால் அதே கரையில்தான் முந்தைய நாளும், அதற்கு முந்தைய நாளும் நூற்றுக்கணக்கானவர்கள் தங்கி, மலம் கழித்து, அழுக்குத் துணி அலசிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் பயந்தது சேற்றுக்கு. சேறு வடிந்துவிட்டது, காலரா வடியவில்லை.

நம் ஊரில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பார்கள். அதுவும் அருமையான நுட்பம்தான். மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். ஆனால் மனிதன் நெடுங்காலம் கண்ணை மட்டுமே வைத்துத் தண்ணீரை அளந்தான் என்பதற்கு அதுவும் சாட்சி. தெளிந்தால் நல்லது, கலங்கினால் கெட்டது.

காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ சிறு நூல் வெளியிட்டது அதே 1849இல். பிளாட் கரையில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எட்ட வழியே இல்லை. அங்கே ஓரளவு தப்பிக்க வாய்ப்பிருந்தது காபி குடித்தவர்களுக்கு. காபிக்காகத் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள், அவ்வளவுதான். காரணம் தெரியாமலே சரியாகச் செய்தார்கள். அம்மா காரணம் தெரிந்து செய்து தப்பாகப் போனதை நினைத்துக்கொண்டேன்.

3

தண்ணீர் சுத்திகரிப்பின் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஊர் ஆல்டோனா. இன்று ஹாம்பர்க் நகரத்தின் ஒரு பகுதி, 1892இல் தனி ஊர். இரண்டுக்கும் குடிநீர் எல்பே ஆற்றிலிருந்து. ஹாம்பர்க் ஊருக்கு மேலே நீர் எடுத்து, வடிகட்டாமல் விநியோகித்தது. ஆல்டோனா இருந்தது ஆற்றின் போக்கில் கீழே. ஹாம்பர்க்கின் சாக்கடையெல்லாம் கலந்த பிறகு வருகிற தண்ணீர்தான் அதற்கு. ஆனால் அது மணல் படுகையில் மெதுவாக வடிகட்டித் தந்தது.

1892 கோடையில் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆல்டோனா கிட்டத்தட்டத் தப்பியது. இரண்டு ஊர்களின் எல்லையாக இருந்த தெருவில், ஹாம்பர்க் தண்ணீர் குடித்த பக்கம் சாவு, ஆல்டோனா தண்ணீர் குடித்த பக்கம் இல்லை. காற்று ஒன்று, மண் ஒன்று, குழாய் மட்டும் வேறு. காலராக் கிருமியைக் கண்டறிந்திருந்த ராபர்ட் கோக் இதை ஆராய்ந்தார். அதன்பின் வாதத்துக்கு அதிகம் இடமில்லை.

அப்படியானால் பிளாட் கரை மணல் ஏன் காப்பாற்றவில்லை? மெதுமணல் வடிப்பானில் வேலை செய்வது மணல் மட்டும் இல்லை. சில வாரங்களில் மணலின் மேல்பரப்பில் நுண்ணுயிர்களால் ஆன வழுவழுப்பான ஓர் ஏடு படியும். ஜெர்மன் மொழியில் அதற்கு 'அழுக்குப் போர்வை' என்று பொருள்படும் பெயர். நோய்க்கிருமிகளைப் பிடித்துத் தின்பதில் பெரும்பங்கு அந்தப் போர்வைக்கு. நேற்றுத் தோண்டிய குழியில் அது இருக்காது. இருந்தாலும் மலக்குழி பக்கத்தில் இருந்தால் என்ன செய்யும்?

வீட்டுக்குள் வைக்கிற வடிப்பானும் அதே காலத்தில் பக்குவப்பட்டது. பாரிஸில் பாஸ்டரின் ஆய்வகத்தில் சார்லஸ் ஷாம்பர்லாண்ட் 1884இல் மெருகிடாத பீங்கான் குழாய் வடிப்பானை உருவாக்கினார். பாக்டீரியா நுழைய முடியாத அளவு நுண்ணிய துளைகள். 1891இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் பெர்கெஃபெல்ட், டயாட்டம் என்ற நுண்பாசிகளின் புதைந்த ஓடுகளாலான மண்ணைச் சுட்டு வெள்ளை மெழுகுவர்த்தி வடிவத்தில் ஒரு வடிப்பான் செய்தார்.

அந்த வடிவத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் இரண்டடுக்கு எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று இருந்தது. மேலடுக்கில் இரண்டு வெள்ளை கேண்டில். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுவது என் வேலை. வழுவழுவென்று பழுப்பாக ஒரு படலம் வரும். "இதெல்லாம் வயித்துக்குள்ள போயிருக்கும் பாத்துக்கோ" என்பார் அம்மா. பெர்கெஃபெல்டின் சந்ததி ஒன்று கோவில்பட்டியில் இருந்தது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

இந்தக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. அதே 1892இல் ரஷ்யாவில் திமித்ரி இவனோவ்ஸ்கி நோய்பட்ட புகையிலைச் செடியின் சாற்றை ஷாம்பர்லாண்ட் வடிப்பானில் ஊற்றினார். எந்தப் பாக்டீரியாவும் தாண்ட முடியாத வடிப்பான். கீழே இறங்கிய சாறு அப்போதும் நோயைப் பரப்பியது. 1898இல் பெயரிங்க் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, தாண்டி வந்ததற்கு வைரஸ் என்று பெயர் வைத்தார். உலகத்திலேயே சிறந்த வடிப்பான் செய்த மிகப் பெரிய உதவி, தன்னால் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது என்று காட்டியது.

4

அடுத்த பதில் குளோரின். வடிகட்டிப் பிடிக்க வேண்டாம், கொன்றுவிடலாம். 1908இல் நியூ ஜெர்சியில், ஜெர்சி சிட்டிக்கான தண்ணீரில் ஜான் லீல் குளோரின் சேர்மத்தைத் தொடர்ந்து கலக்க ஆரம்பித்தார். அமெரிக்காவில் ஒரு நகரம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. சில ஆண்டுகளில் மற்ற நகரங்களும் பின்தொடர்ந்தன. டைஃபாய்டு சாவுகள் சரிந்தன.

குளோரினுக்கு இன்னொரு குணம், அது தண்ணீரோடு கூடவே பயணம் செய்யும். குழாயிலும் டேங்கிலும் காவல் இருக்கும். ஆனால் வாடை அடிக்கும். வாடை போகக் கரி வந்தது. முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிக்காக அமெரிக்காவில் பீச் பழக்கொட்டைகளையும் ஓடுகளையும் மக்களிடம் சேகரித்துக் கரியாக்கினார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி அதில் மிக நல்லது. நுண்துளைகள் நெருக்கமாக இருக்கும். என் நீல ஃபில்டருக்குள் இருந்ததும் கரிதான், அதைக் கழற்றி லேபிளை நிதானமாகப் படித்தது பலகையைப் பார்த்த அன்று மாலை.

அதில் 'என்.எஸ்.எஃப். 42' என்று இருந்தது. என்.எஸ்.எஃப். 1944இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தரநிர்ணய அமைப்பு. 42 என்பது சுவை, வாடை, குளோரின் ஆகியவற்றுக்கான தரம். உடல்நலத்துக்கான தரம் 53. எதிர்ச்சவ்வூடு பரவல், அதாவது ஆர்.ஓ., அதற்கு 58. ஆக என் ஃபில்டர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் ருசியாக இருக்கும் என்று மட்டுமே சொல்லியிருந்தது. 'ஃபில்டர்' என்ற சொல்லைப் படித்துவிட்டு மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். கரி ஃபில்டரை டேங்குக்கு முன்னால் மாட்டியதால், காவலுக்கு வந்த குளோரினை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். வெயிலில் நிற்கிற வண்டி, மூடிய பிளாஸ்டிக் டேங்க், வெதுவெதுப்பான தண்ணீர், குளோரின் இல்லை. கிருமிக்கு இதைவிட நல்ல விடுதி கிடைக்காது.

குளோரினுக்கும் எல்லை உண்டு. 1993இல் மில்வாக்கி நகரக் குழாய்த் தண்ணீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி புகுந்து, ஏறக்குறைய 4,03,000 பேர் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். அதன் தடித்த ஓட்டை வழக்கமான குளோரின் அளவு ஒன்றும் செய்யாது. ஆனால் அது 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ளது. நல்ல பீங்கானோ ஒரு மைக்ரானுக்குக் கீழான கரிக்கட்டியோ பிடித்துவிடும். குளோரின் விட்டதை வடிப்பான் பிடிக்கிறது, வடிப்பான் விட்ட வைரஸைக் குளோரின் கொல்கிறது.

என் தொழிலில் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது முதலில் கேட்பது 'த்ரெட் மாடல் என்ன?' என்று. யாரிடமிருந்து காக்கப் போகிறோம் என்று தெரியாமல் பூட்டு வாங்காதே என்பது அதன் பொருள். இதை மீட்டிங்கில் ஜூனியர்களுக்குச் சொல்கிற ஆள் நான். என் மகள் குடிக்கிற தண்ணீருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

5

இனி நைட்ரேட். இது உயிரி கிடையாது, கொல்வதற்கு. துகள் கிடையாது, பிடிப்பதற்கு. தண்ணீரில் கரைந்த உப்பு. பீங்கானும் தாண்டும், கரியும் தாண்டும், புற ஊதா விளக்கும் ஒன்றும் செய்யாது. கொதித்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு பாத்திரத்திலேயே நிற்கும். ரசம் வற்றினால் கரிப்பது போலத்தான்.

1945இல் அயோவாவில் ஹன்டர் கோம்லி என்ற மருத்துவர், கிணற்றுத் தண்ணீரில் பால் கலக்கிக் கொடுத்த கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதை விவரித்துக் கட்டுரை எழுதினார். உடலுக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க முடியாததாக்குகிறது. சில மாதக் குழந்தைகளால் அதைச் சமாளிக்க முடியாது. அமெரிக்காவில் குடிநீருக்கான நைட்ரேட் வரம்பு, நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம். முகாம் மாதிரி தற்காலிகமாக ஆட்கள் வந்துபோகிற இடங்களுக்கு, கைக்குழந்தைகளுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டு எச்சரிக்கைப் பலகை வைத்தால், 20 வரை மாநிலம் அனுமதிக்கலாம் என்று விதியே இருக்கிறது. அதாவது குறைந்தபட்ச காவல் அந்தப் பலகைதான். நான் இரவில் பார்க்காத பலகை.

இது எங்கிருந்து வந்தது? ஜன்னலுக்கு வெளியே நின்றது பதில். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நைட்ரஜன் உரம் மலிவாகக் கிடைத்தது, மக்காச்சோளம் அதை விரும்பித் தின்னும். பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடும் பாசன நீரோடும் இறங்கும். பிளாட் பள்ளத்தாக்கில் மணற்பாங்கான மண், மேலாகவே நிலத்தடி நீர். காலராவை இறக்கிய அதே மணல் இப்போது உரத்தை இறக்குகிறது.

இந்தப் பூட்டுக்கான சாவியில் நமக்குப் பரிச்சயமான ஒரு பெயர் இருக்கிறது. 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும் கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வு ஒன்றைத் தேடினார்கள். சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர் அது. செல்லுலோஸ் அசிடேட் சவ்வு உப்பைத் தடுக்கும் என்று முன்பே தெரியும், ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். இவர்கள் செய்த சவ்வில் ஒரு பக்கம் மிக மெல்லிய அடர்ந்த தோல், அதற்குக் கீழே தாங்க நுண்துளைப் படுகை. தண்ணீர் பல மடங்கு வேகமாக வந்தது, அதுவும் சரியான பக்கம் உப்புநீரைப் பார்த்து இருந்தால் மட்டுமே. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் அந்தச் சவ்வை வைத்து நிலத்தடி உவர்நீரைக் குடிநீராக்கினார்கள். ஒரு காலத்தில் அந்த ஊருக்குக் குடிநீர் ரயிலில் வந்துகொண்டிருந்தது. இன்று நம் வீடுகளில் சுவரில் தொங்குகிற ஆர்.ஓ. பெட்டிகளின் மூதாதை அது.

6

கடைசியில் நான் என்ன வாங்கினேன் என்று கேட்பீர்கள். குழாயடியில் 5 மைக்ரான் படிவு ஃபில்டர் மட்டும். அது மண்ணையும் துருவையும் பிடிக்கும், குளோரினை விட்டுவிடும். டேங்கில் தண்ணீர் குளோரினோடு இருக்கும். சிங்க் அடியில், குடிக்கிற குழாய்க்கு மட்டும், என்.எஸ்.எஃப். 53 சான்று பெற்ற அரை மைக்ரான் கரிக்கட்டி. சீசனுக்கு ஒருமுறை 15 கேலனுக்குக் கால் கப் கணக்கில் ப்ளீச் ஊற்றி டேங்கை ஊறவைத்துக் கழுவுகிறேன். ஆர்.ஓ. மேசைமேல் வைக்கிற சின்னது ஒன்று, 58 சான்றில் நைட்ரேட் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா என்று பார்த்து. ஆர்.ஓ. தண்ணீரை வீணாக்கும், கழிவு டேங்கை நிரப்பும், அதனால் தேவைப்படும்போது மட்டும். கைக்குழந்தை இருந்த மாதங்களில் சந்தேகம் வந்தால் பாட்டில் தண்ணீர்தான்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக வாங்கியது ஒரு பழக்கம். கிளம்புவதற்கு முன் முகாமுக்குப் போன் செய்து கேட்பது. ஊர்களுக்கு இங்கே ஆண்டுதோறும் தண்ணீர் அறிக்கை வெளியிடும் கட்டாயம் உண்டு, முகாம்களுக்கு இல்லை. அதனால் கேட்டால்தான் தெரியும். நகராட்சித் தண்ணீரா, சொந்தக் கிணறா? கடைசிப் பரிசோதனை எப்போது? நைட்ரேட் எவ்வளவு?

அதே பயணத்தின் திரும்பும் வழியில், ஸ்பீக்கரில் போட்டு முதல்முறையாகக் கேட்டேன். எதிர்முனையில் பேசியவர் ஒரு நிமிஷம் காத்திருக்கச் சொல்லி, ஏதோ ஃபைலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பின்சீட்டில் பேத்தியை மடியருகே வைத்திருந்த அம்மா கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னான்?"

"நாலும்மா."

"அது நல்லதா?"

"பத்துக்குக் கீழ இருந்தா பரவால்ல."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப கிருமிக்குக் காய்ச்சலாம்ல?"

"காய்ச்சலாம்மா."

"ஒரு கொதி போதும்லா?"

"போதும்."

அன்று இரவு அம்மா அடுப்புப் பக்கத்திலேயே நின்றார். முதல் குமிழ்கள் எழும்பி, தண்ணீர் முழுவதும் கொதித்து ஒரு நிமிஷம் ஆனதும் அடுப்பை அணைத்தார். பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குழாயடியில் பலகை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க.